யாருக்குக் கல், யாருக்கு மண்?
கல்லறைத் தோட்டமும் வம்ச வரலாறும்

1

பெரியப்பாவுக்கு எண்பது வயது நிறைந்தபோது, குடும்பத்துக்கென்று ஒரு வம்ச வரலாறு அச்சிட வேண்டுமென்ற ஆசை வந்தது. திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படியொரு புத்தகம் இருப்பது வழக்கம்தான். முதல் பக்கத்தில் 'வேதத்துக்கு வந்த' மூதாதை, நடுவில் கிளை கிளையாய் விரியும் மரம், கடைசியில் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் வண்ணப்படங்கள். "ஏல, எழுதுதவன் நீதான். கல்லறைத் தோட்டத்துல போயி கல்லுல உள்ளதெல்லாம் ஒண்ணு விடாம எழுதிட்டு வா" என்று என்னை அனுப்பினார்.

போனேன். குழிவெட்டும் பெரியவர் துணைக்கு வந்தார். முன் வரிசைகளைக் காட்டி, "இதெல்லாம் கல்லு உள்ளவிய. அந்த உடமரத்துக்கு அங்கிட்டு மண்ணுதான். யாரு எவருன்னு ஆளுவ சொன்னாத்தான் தெரியும்" என்றார். 'கல்லு உள்ளவிய', 'மண்ணு' என்ற அந்தப் பிரிவினையை அவர் எந்த அழுத்தமும் இல்லாமல், மழை வரும் போகும் என்பதுபோலச் சொன்னார். நான் தேடிப் போனதில் பூட்டன் கல் உள்ளவர். பூட்டி மண்.

கல்லறைக் கற்களைக் கொண்டு குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்று விளக்குவதுதான் இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் 'எப்படி' என்ற கேள்விக்குள் 'யாருக்கு' என்ற கேள்வியும் இருக்கிறது. கல் ஓர் ஆவணம் என்றால், மற்ற ஆவணங்களைப் போலவே அதுவும் யாரோ எழுதியது, யாருக்காகவோ எழுதியது, யாரையோ விட்டுவிட்டு எழுதியது.

2

கல்லறைக் கல்லில் இருப்பது இறந்தவரின் வாக்குமூலம் என்ற மயக்கம் நமக்கு உண்டு. இறந்தவருக்கும் அந்த வாசகத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. கல்லுக்கு மூன்று ஆசிரியர்கள்: பணம் கொடுத்த குடும்பத்தார், உளி பிடித்த கல்தச்சர், 'இதைப் போடலாம், இதைப் போடக்கூடாது' என்று சொல்லும் சபை. இந்த மூவரும் கூடி முடிவெடுப்பது சாவு நடந்த மறுநாள் அல்ல. ஓராண்டு கழித்து, சில வேளை மகன் சம்பாதிக்கத் தொடங்கிய இருபதாண்டு கழித்து. ஆகவே இறந்த தேதிக்குக் கல் ஓரளவு நல்ல சாட்சி; பிறந்த தேதிக்கு மோசமான சாட்சி. 'வயது 70', 'வயது 80' என்று பத்துப் பத்தாய் முழுமைப்பட்ட வயதைக் கண்டால் அது கேள்வி ஞானம் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தஸ்து, பட்டம், குணநலன் பற்றிய சொற்கள் இறந்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, கல் வைத்த தலைமுறையின் ஆசையைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

இன்னொரு மயக்கம், கல் இருக்கிற இடத்தில் உடல் இருக்கும் என்பது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் வெளிமுற்றத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பதித்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று 1652-இல் இறந்த எலிசபெத் பேக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணுடையது. இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் கல்லறைக் கற்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. கோயிலைவிடக் கல்லுக்கு வயது கூட! காரணம் எளிது. ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இப்போதைய உயர்நீதிமன்ற, பழைய சட்டக்கல்லூரி வளாகப் பக்கம் இருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை முடிந்ததும், இனி எதிரிக்கு மறைவு கிடைக்கக் கூடாதென்று ஓரிரண்டைத் தவிர மற்றவற்றை இடித்து, எழுத்துள்ள கற்களைக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1782-இல் ஹைதர் அலி பயம். அப்போது அந்தக் கற்களில் பலவற்றைப் பெயர்த்துப் பீரங்கி நிறுத்தக் கொண்டுபோனார்கள். பின்னால் திரும்பப் பதித்தார்கள். இன்று அந்த முற்றத்தில் கல்லைப் படித்துக்கொண்டு நிற்பவரின் காலுக்குக் கீழே அந்தக் கல்லுக்குரிய எலும்பு இல்லை.

எனவே கல்லைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'இது யார்?' அல்ல; 'இது இங்கே எப்படி வந்தது, எப்போது வெட்டியது?' என்பதுதான்.

3

அதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பெரிய வித்தையெல்லாம் இல்லை.

காலை வெயிலோ சாயங்கால வெயிலோ கல்லின்மேல் சாய்ந்து விழும்போது போக வேண்டும். உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாத எழுத்து, சாய்ந்த ஒளியில் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். கல் வடக்கே பார்த்திருந்தால் வீட்டு நிலைக்கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். சுத்தம் செய்யத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். கம்பித் தூரிகை, ஆசிட், சவுக்காரத்தூள் எதுவும் ஆகாது. பளிங்குக் கல்லை ஆசிட் தின்றுவிடும். சுண்ணாம்புக் காரை பூசிய கல்லறைகளில் ஆண்டுதோறும் வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்துக் குழிகள் தூர்ந்து போயிருக்கும். அதைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து வரும். அப்படியே விட்டுச் சாய்ந்த ஒளியில் படம் எடுப்பதே மேல்.

பிறகு எழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கற்களில் மெய்க்குப் புள்ளி இல்லாமல் போகலாம். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே இருக்கலாம். காலையும் ரகரத்தையும் பிரித்தறிய முடியாமல் திணறுவோம். ஆண்டு, மாதம், தேதிக்கு ௵, ௴, ௳ என்ற குறிகள் வரும். 1873 என்பது ௧௮௭௩ என்றும் இருக்கலாம், ௲௮௱௭௰௩ என்றும் இருக்கலாம்.

முக்கியமான தடயம் ஒன்று உண்டு. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் யானைத் தும்பிக்கைபோல் சுழித்த பழைய ஐகாரமும், ணா, றா, னா ஆகியவற்றின் கொக்கி வடிவமும் கல்லில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றை நீக்கிய சீர்திருத்த எழுத்தைப் பெரியார் 1935 முதல் தம் பத்திரிகைகளில் பயன்படுத்தினார். தமிழக அரசு அதை ஏற்றது 1978-இல். கிராமத்துக் கல்தச்சர் அதற்கு முன்பே அந்த எழுத்தில் வெட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே 'மறைவு 1903' என்று எழுதிய கல்லில் புது 'லை' இருந்தால், அது 1903-இன் கல் அல்ல. இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

தேதிகளிலும் பொறி உண்டு. நாஞ்சில் நாட்டிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் கொல்லம் ஆண்டு இருக்கும். புத்தாண்டு ஆவணியில் பிறப்பதால், ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரையான தேதிக்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைக்கும் 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1050 மாசி என்றால் 1875. அதே 1050 ஐப்பசி என்றால் 1874. ஆங்கிலேயருக்கோ 1752 வரை ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. கோட்டை முற்றத்துக் கல்லில் ஜனவரி 1687 என்று கண்டால் நம் கணக்கில் அது 1688. இன்னொன்று: 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியிலும் ஒல்லாந்தர் புதிய நாட்காட்டியிலும் இருந்தார்கள். பத்து நாள் வித்தியாசம். ஒரே பகலில் சென்னையில் ஒருவரும் பழவேற்காட்டில் ஒருவரும் செத்திருந்தால், இரண்டு கற்களிலும் பத்து நாள் இடைவெளி விட்டுத் தேதி இருக்கும். காலம் என்பதுகூட யார் ஆட்சியில் சாகிறோம் என்பதைப் பொறுத்ததாக இருந்திருக்கிறது.

4

கல்லை மட்டும் நம்பக்கூடாது என்றால் வேறு எதை நம்புவது? சபையின் பதிவேடுகள்: ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. அடக்கம் முடிந்த கையோடு எழுதப்படுவதால் அடக்கப் பதிவேடு கல்லைவிடச் சம்பவத்துக்கு நெருக்கமானது. அது ஏழைக்கும் உண்டு என்பது அதைவிட முக்கியம். கல் வைக்கக் காசு வேண்டும். பதிவேட்டில் ஏற ஆண்டவருடைய மந்தையில் ஒருவராய் இருந்தால் போதும்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கினார். 1707 மே மாதம் அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். 1718-இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் 1719-இல் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டார். அந்த இடம் இன்றும் பார்ப்பவருக்குக் காட்டப்படுகிறது. அந்த ஐந்து பேரும் எங்கே அடங்கினார்கள் என்று காட்ட அங்கே கல் ஏதும் இல்லை. ஆனாலும் அவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள். இருப்பதற்குக் காரணம் கல் அல்ல, எழுதி வைத்த காகிதம்.

காகிதமும் சும்மா வந்துவிடவில்லை. அது இன்னொரு விதமாகத் துண்டிக்கிறது. ஞானஸ்நானம் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரைக் கொடுக்கிறது. வேதமாணிக்கம், ஞானமுத்து, தேவசகாயம், மாசிலாமணி என்று ஒரு சபைக்குள்ளேயே ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். எனவே ஒரு பெயரை இன்னொரு பெயரோடு முடிச்சுப்போடும்முன், தகப்பன் பெயர், ஊர், ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர்கள் மூன்றும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரியவர்களாய் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் பதிவில் சில இடங்களில் பழைய பெயரையும் குறித்திருப்பார்கள். வம்ச வரலாற்றின் வாசல் அந்தப் பெயர்தான்.

பெண்களுக்கு இரண்டு முறை துண்டிப்பு. கல் இருந்தாலும் அதில் 'இன்னாருடைய பத்தினி'. பதிவேட்டில் 'இன்னாருடைய விதவை'. அவள் எந்த ஊர்க்காரி, யார் மகள் என்பது விவாகப் பதிவேட்டில் மட்டும் ஒரு தடவை வந்து மறைகிறது. அந்த ஒரு வரியைத் தவறவிட்டால் தாய்வழி அப்படியே இருட்டு. வம்ச வரலாறு என்று நாம் அச்சடிக்கும் மரம் தகப்பன்களின் மரமாகவே முடிவதற்குக் காரணம் ஆவணம் இல்லாமை மட்டுமல்ல. அம்மாவின் அம்மாவைத் தேட வேண்டும் என்று யாரும் யாரையும் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்புவதில்லை.

5

எந்தக் கற்கள் படி எடுக்கப்பட்டன, எவை எடுக்கப்படவில்லை என்பதும் ஒரு வரலாறு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் அரசு அச்சகத்தின் வழி வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர்கள் முதலில் புரட்டும் நூல் அதுதான். கல் அழிந்து வாசகம் மட்டும் அதில் பிழைத்திருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு; அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நூலின் தலைப்பே வரலாற்று, தொல்லியல் முக்கியத்துவம் உடைய கல்லறைகள் என்று எல்லை கட்டிக்கொள்கிறது. முக்கியத்துவம் யாருக்கு? பெருமளவு ஐரோப்பியருக்கு. சென்னை மாகாண ஐரோப்பியரின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் இடுகாடுகளைக் காக்க 1976-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. அங்கிருந்து வந்து தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் ஒருவருக்குக் கல், பட்டியல், நகல், சங்கம் நான்கும் தயார். ஆள்பவருக்கு இறந்த பிறகும் அலுவலகம் உண்டு.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள் வாசல் தூண்களில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே குலச்சின்னங்களோடு பெரிய பெரிய கற்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர்கள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இதே கம்பெனி பழவேற்காடு, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றியது. 1659-61-இல் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் பிடித்தபோது அந்த வியாபாரம் கொழித்தது. வாங்கியவனுக்குக் குலச்சின்னம் பொறித்த கல் நிற்கிறது. விற்கப்பட்டவனுக்கு மண்கூட இந்த ஊர் மண் இல்லை. அந்தத் தோட்டத்தின் அழகை ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ரசிக்கும்போது, அந்தக் கற்களுக்குக் கூலி கொடுத்த லாபம் எதிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்கிறேன்.

6

சரி, வெள்ளைக்காரன் கதை அப்படி, நம் கதை? இங்கேதான் தொண்டை அடைக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டால், கல்லில் இருக்கிற வாசகத்தைவிடத் தோட்டத்தின் வரைபடம்தான் அதிகம் பேசும். யார் வாசலை ஒட்டி, யார் மதிலை ஒட்டி, யார் மதிலுக்கு வெளியே, நடுவில் சுவர் இருக்கிறதா, இரண்டு வாசல்கள் இருக்கின்றனவா. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்த சுவர் பேர்போனது. அதற்கெதிராகப் போராட்டங்கள் நடந்தன. 2010-இல் பெரியாரிய அமைப்பினர் நேரடியாகவே இடிக்க முனைந்தார்கள். செத்தவர்களுக்குள் தீட்டு ஒட்டாது என்று எந்த வேதம் படித்தவருக்கும் தெரியும். சுவர் செத்தவர்களுக்காகக் கட்டியதல்ல. நவம்பர் 2-ஆம் தேதி மெழுகுவர்த்தியோடு வரும் உயிருள்ளவர்களுக்காகக் கட்டியது.

வடக்கன்குளத்தில் சுவர் கோயிலுக்குள்ளேயே இருந்தது. 1872-இல் கட்டிய தேவாலயம் பீடத்தில் சேர்ந்து கால்சட்டைபோல் இரண்டாய்ப் பிரியும். வெள்ளாளருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. 1910-இல் தடுப்பு இடிக்கப்பட்டது. சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று போட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சீர்திருத்தத் திருச்சபைகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்க வேண்டும் என்று கடிதம் எழுதியபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபை இரண்டுபட்டது. அதற்கு முன்பே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், புதிய மிஷனரிகள் திருவிருந்தில் சாதி கலக்கச் சொன்னதையும், கலியாணத்திலும் சாவிலும் பூவை விலக்கியதையும், தமிழ் இசையைத் தள்ளியதையும் ஒரே மூச்சில் எதிர்த்தார். இதில் கவனிக்க வேண்டியது, அந்நியப் பண்பாட்டுத் திணிப்புக்கு எதிரான குரலும் சாதியைக் காக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன என்பதுதான். சாவுக்குப் பூ வைக்கும் உரிமைக்காக வாதாடியவரோடு நாம் உடன்படலாம். அதே வாக்கியத்தின் அடுத்த பாதியில் அவரோடு நிற்க முடியாது.

கல்லில் வரும் பட்டப்பெயர்கள் இந்தப் பின்னணியில் வாசிக்கப்பட வேண்டியவை. பிள்ளை, முதலியார், உடையார், நாடார் என்று கல் தயங்காமல் சொல்லும். கீழே இருந்து வந்தவர்களின் கற்களில், கல் இருந்தால், பெயர் மட்டும் இருக்கும். சாதி இல்லாத பெயர் என்று நாம் அதை மெச்சிக்கொள்ள முடியாது. போட்டுக்கொள்ளப் பட்டம் இல்லாததன் மௌனம் அது.

மௌனத்துக்குச் சட்டமும் துணை. 1950-ஆம் ஆண்டு அட்டவணைச் சாதிகள் ஆணை இந்துவாக இருப்பவரை மட்டுமே அட்டவணைச் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டவர் பட்டியலில். கோயிலுக்குள்ளும் கல்லறையிலும் அவரைச் சாதியாகவே நடத்தும் சமூகம், சான்றிதழ் கேட்டால் 'உனக்குத்தான் சாதி கிடையாதே' என்கிறது. இந்த நிலையில் ஒரு தலித் கிறிஸ்தவக் குடும்பம் தன் வம்சத்தைத் தேடுவது பொழுதுபோக்கு அல்ல. அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. கண்டுபிடித்ததைச் சொன்னால் சம்பந்தம் கைநழுவலாம். சொல்லாவிட்டால் பாட்டன் பட்ட பாட்டுக்குக் கணக்கே இல்லாமல் போகும்.

7

பூட்டனின் கல்லுக்குத் திரும்புகிறேன். கறுப்புக் கல். பெயர், பெயருக்குப் பின் 'பிள்ளை', உபதேசியார் என்ற பதவி, மறைந்த ஆண்டு. நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த கதையோடு எல்லாம் பொருந்தியது: உயர்ந்த குடியில் பிறந்து, சொத்தைத் துறந்து வேதத்துக்கு வந்தவர். எழுதிக்கொண்டு திரும்பியிருப்பேன். சாயங்கால வெயில் கல்லில் விழுந்து 'ளை' என்ற எழுத்து மட்டும் கண்ணில் தைத்தது. தும்பிக்கை இல்லை. நேரான, சீர்திருத்தப்பட்ட ளை. பூட்டன் செத்து முக்கால் நூற்றாண்டு கழித்து வந்த எழுத்து.

மறுநாள் பதிவேட்டைப் பார்க்க அனுமதி வாங்கினேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் பூட்டன் பெயருக்குப் பின் பட்டம் எதுவும் இல்லை. தொழில் என்ற கட்டத்தில் 'கூலி'. இருப்பிடம் என்ற கட்டத்தில் எங்கள் ஊரின் பெயர் இல்லை, ஊருக்குக் கிழக்கே இருக்கும் சேரியின் பெயர். அதற்கடுத்த வரியில் அவருடைய மனைவி, என் பூட்டி. ஞானஸ்நானப் பெயரும், பக்கத்தில் சின்ன எழுத்தில் பழைய பெயரும். எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்தே கேட்டிராத பெயர். அதை இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டுக்குள் அது இன்னும் பேசித் தீரவில்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பழைய கல்லு ஒடஞ்சு கெடந்துச்சுல்லா, நாங்கதாம் புதுசா வச்சோம். ஒங்க அத்தைக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டிருந்த நேரம். எல்லாரும் போட்டாவ, நாங்களும் போட்டோம்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள் அவர். அந்த மூன்று எழுத்து இல்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாத ஊரில் வாழ்ந்தவர். கல்லில் இருந்தது அவருடைய பொய் அல்ல, ஊர் அவரிடம் கேட்டு வாங்கிய பொய். சாதிப் பட்டத்தைப் பெரியாரின் எழுத்தில் வெட்டியிருந்ததுதான் அதைக் காட்டிக் கொடுத்தது. அதை நினைத்துச் சிரிப்பதா, என்ன செய்வதா தெரியவில்லை.

8

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட சில காரியங்களை, இதே வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

நம் குடும்பத்தின் கற்களை மட்டும் எழுதிக்கொண்டு வருவது கூடாது. தோட்டம் முழுவதையும் வரைய வேண்டும். வரிசை, திசை, சுவர், வாசல், மரம் எல்லாம். எழுத்தில்லாத மேட்டையும் ஒரு பதிவாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பொதுவாகத் தலை மேற்கேயும் கால் கிழக்கேயுமாக அடக்கம் செய்வதால், மேடு கரைந்த இடத்திலும் வரிசையை ஊகிக்க முடியும். அடக்கப் பதிவேட்டின் ஆண்டு வரிசையோடு அந்த வரிசைகளை ஒப்பிட்டால், பெயரில்லாத மண்ணுக்கு அருகில் சில பெயர்களையாவது கொண்டுவந்து நிறுத்தலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த வரிசையில் இந்தப் பத்துப் பேர் என்ற அளவில் சொல்லலாம். தனித்தனிக் குடும்ப மரத்துக்கு அது போதாது. ஒரு சேரியின் வரலாற்றுக்குப் போதும்.

குழிவெட்டுகிறவரிடம் கேட்க வேண்டும். அவருடைய தகப்பனும் பாட்டனும் அதே வேலை செய்திருப்பார்கள். 'இந்த மரத்தடியில காலரா வருசத்துல செத்தவிய' என்பது போன்ற ஒரு வாக்கியம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஊர்க் கிழவிகளிடம் கேட்க வேண்டும். ஒப்பாரியில் பழைய பெயர்கள் தங்கியிருக்கும். கல்லை எப்போது வெட்டினார்கள் என்று தனியே ஒரு கட்டம் போட்டு எழுத வேண்டும். பெண்களை அவர்களுடைய பெயரில், அவர்களுடைய தகப்பன், தாய் பெயரோடு எழுத வேண்டும்.

கண்டுபிடித்ததை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டும். உண்மையைச் சொல்வதன் விலையை வரலாறு எழுதுகிறவன் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் கலியாணத்துக்கு நிற்கிற பெண் கொடுக்கிறாள். அதற்காக மூடி மறைக்கச் சொல்லவில்லை. எழுதுகிறவன் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேசிவிட்டு எழுத வேண்டும் என்கிறேன்.

வம்ச வரலாறு இன்னும் அச்சாகவில்லை. போன மாதம் பெரியப்பா கூப்பிட்டனுப்பினார். மரத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். உச்சியில் பூட்டன் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைப் பென்சிலால் அடித்திருந்தார், அழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டிருந்தார். "அவ பேரு என்னான்னு சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார்.